நாலு பேர் என்று சொன்னேன்

1

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. நான் குணமாகிவிட்டதாக அதில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது என் மகளின் பள்ளிக்கூட ஷூ அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. நான்தான் வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பிள்ளை வெறும் சாக்ஸோடு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் இங்கிலீஷில் கேட்டாள்: அப்பா இன்றைக்குச் சரியாக இருக்கிறாரா, கேட்கலாமா என்று. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எட்டு வயது.

ஊரிலிருந்து வரும் இந்தப் பத்திரிகைக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் இரண்டு வருஷமாகக் கேட்கிறார். பனி, ரயில், வெள்ளைக்காரர்களின் ஒழுங்கு என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். பனி குளிரும். ரயில் தாமதமாக வரும். அவ்வளவுதான். நான் எழுத வேண்டியது வேறு. படித்துவிட்டு என் ஊரான நாரணாபுரத்தில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் மனைவி ஜோதி எனக்கு மாமன் மகள். விருதுநகரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவள். சுனாமிக்கு முந்தின வருஷம் அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு நானும், இரண்டு வயது மீனாவும் வந்தோம். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஊர். ஜோதி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நான் ரொட்டி கம்பெனியில் பாக்கிங். ஊரில் பட்டாசுக் கம்பெனி, இங்கே ரொட்டி.

2

இங்கே நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் ஊரே வெடி போடும். நம் தீபாவளியை ஒட்டித்தான் வரும். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு நான் கூடுதல் நேர வேலை கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குள் இருந்துவிடுவேன். அங்கே இயந்திரச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. போன வருஷம் கம்பெனியில் ஆர்டர் இல்லை, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் குனிந்து வாசலில் கிடக்கும் ஷூக்களை எண்ணுவது என் பழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எண்ணினேன். ஆறு ஜோடி. கொல்லைப்புறத்தில் மீனா கையில் கம்பி மத்தாப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, பாக்கெட்டில் சீன எழுத்து. சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் என்று பிறகு ஜோதி சொல்லித்தான் தெரியும். பாய்ந்து போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். தோள் மூட்டு நழுவிவிட்டது. அப்படியும் விடாமல் செடிக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை அவள் தலையில் கொட்டியிருக்கிறேன். நவம்பர் மாதக் குளிரில். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பிடித்துத் தள்ளிய பிறகுதான் நிறுத்தினேனாம்.

ஆஸ்பத்திரியில் தோளைச் சரிசெய்தார்கள். பிறகு குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு அம்மாள் கையில் கோப்போடு வந்து என்னைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் கேள்வி கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே ஒரு குறிப்பு போயிருக்கிறது: இந்தப் பிள்ளை அடிக்கடி நேரம் கழித்து வருகிறது, கேட்டால் அப்பா ஷூவை ஒளித்து வைத்துவிட்டார் என்று சொல்கிறது.

அந்த வாரம் ஜோதி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இங்க பாருங்க மாமா. டாக்டர்ட்ட போங்க. அவுக எந்த ட்ரீட்மெண்ட் குடுத்தாலும் முடிச்சிட்டு வாங்க. அதுக்கப்புறமும் இப்படித்தான்னா நீங்க தனியா ரூம் எடுத்துக்கங்க. எனக்குப் பிள்ளைதான் முக்கியம்."

"நான் என்ன பைத்தியமா?"

"அத நான் சொல்லல. வாசல்ல செருப்பு எண்ணுறவுகள நான் ஆஸ்பத்திரியில பாத்ததில்ல."

அவள் கூட வேலை பார்ப்பவர் வீட்டில் வாடகைக்கு ஒரு அறை இருந்தது. அந்த முகவரியைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தினமும் பால் எடுக்கும்போது நான் பார்க்க வேண்டும் என்று அங்கே ஒட்டினாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

3

குடும்ப டாக்டர் ஏழு நிமிஷம் பார்த்தார். மனநலத் திட்டம் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை என்றார். அதற்குக் காத்திருந்தது ஐந்து மாதம்.

முதல் நாள் ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். இலங்கைத் தமிழ் அம்மா, ஐம்பது வயது இருக்கும். ஆலோசகர் பெயர் ஹெலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெண். மடியில் கணினி.

உள்ளே போவதற்கு முன்பு அந்த அம்மா என்னைக் கேட்டார். "நீங்கள் எந்த இடம் தம்பி? வன்னியோ?"

"இல்லம்மா. சிவகாசிப் பக்கம். இந்தியா."

"அங்கை என்ன சண்டை?"

"சண்டை இல்ல. பட்டாசு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பட்டாசோ?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர் கையில் இருந்த செல்போனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் அவர் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தம்பி குடும்பம் வன்னிச் சண்டைக்குள் மாட்டியிருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பி மத்தாப்பைப் பார்த்து நான் நிலைதவறினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், என் இங்கிலீஷ் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போதாது. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு வாரமும் உட்காருவதற்கு முன்னால் ஒரு படிவம். தூக்கம் கெடுகிறதா, பசி குறைகிறதா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டம். முதல் கட்டம் 'இல்லவே இல்லை', அதற்கு மார்க்கு சைபர். கடைசிக் கட்டம் 'கிட்டத்தட்ட எல்லா நாளும்', அதற்கு மூன்று. டிக் போட்டுக் கொடுத்தால் ஹெலன் கூட்டி மார்க்குப் போடுவாள். பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பாள்.

வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுகிறீர்களா என்று அதில் எந்தக் கேள்வியும் இல்லை.

ஹெலன் நல்ல பெண்தான். மூச்சை இழுத்து எண்ணி விடச் சொன்னாள். பயமில்லாத ஓர் இடத்தை மனதில் நினைக்கச் சொன்னாள். மூன்றாவது வாரம் ஒரு வட்டு கொடுத்தாள். அதில் வெடிச் சத்தம் பதிவு செய்திருந்தது. முதலில் மெதுவாக வைத்துக் கேட்க வேண்டும், பிறகு வாரா வாரம் சத்தத்தைக் கூட்ட வேண்டும். அவளுடைய கணக்கில் என் வியாதி சத்தம். நாரணாபுரத்தில் பிறந்தவன் நான். வெடி கேட்டுத்தான் தூங்கி எழுந்தேன். வட்டைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் ஹெலன் நல்ல முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டாள்.

4

இந்த இடத்தில் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அதை எப்போதோ மூடிவிட்டார்கள், முதலாளியும் செத்துப்போனார்.

நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடிமருந்து அடைக்கிற அறைகள் தனித்தனியாக, தள்ளித் தள்ளி இருக்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அது சட்டம். சீசன் நேரத்தில் லோடு அனுப்ப வேண்டும் என்றால் ஆறு பேர் உட்காருவார்கள். அது நடைமுறை. கூடுதல் ஆட்களுக்குப் பதிவேட்டில் பெயர் இருக்காது. சோதனைக்கு அதிகாரிகளின் ஜீப் வருகிற சத்தம் கேட்டால் அவர்கள் எழுந்து பின்வேலி வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஜீப் போன பிறகு வர வேண்டும்.

அறைக்குள் யாரும் செருப்புப் போட மாட்டோம். ஒரு மணல் துகள் மருந்தில் உரசினாலும் போச்சு, வெடித்துவிடும். செருப்பெல்லாம் கொஞ்சம் தள்ளி வேப்ப மரத்தடியில் வரிசையாகக் கிடக்கும். ஒரு தடவை வந்த அதிகாரி கெட்டிக்காரர். அறைக்குள் தலையை எண்ணாமல் நேரே மரத்தடிக்குப் போய்ச் செருப்பை எண்ணினார். அன்றைக்குக் கம்பெனி மாட்டியது. அதிலிருந்து போர்மேன் அண்ணாச்சி புது உத்தரவு போட்டார். காட்டுக்குப் போகிறவர்கள் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மறந்தால் வேலை கிடையாது.

பதிலும் பழக்கிக் கொடுப்பார். நான் அறை அறையாகப் போய் அடைத்த பூச்சட்டிகளை, அதாவது புஸ்வாணங்களை, தட்டில் வாங்கிக் களத்தில் காயவைக்கிற வேலை. போகிற வழியில் நிறுத்திக் கேட்பார்.

"ஏலே முருகேசா, ரூம்ல எம்புட்டுப் பேரு?"

"நாலு பேரு அண்ணாச்சி."

"நேத்து?"

"நேத்தும் நாலு."

"காட்டுல ரெண்டு பொம்பளைக உக்காந்திருக்காகளே, அவுக யாரு?"

"சோறு கொண்டாந்தவுக."

"தூங்கும்போது எழுப்பிக் கேட்டா?"

"நாலு பேருதான். ஒங்க வீட்டு மதினி கேட்டாலும் நாலு பேருதான்."

எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணாச்சியும் சிரிப்பார்.

காட்டுக்குப் போகிற அந்த இரண்டு பேரில் ஒருத்தி என் அக்கா பேச்சியம்மா. சாத்தூரில் கட்டிக்கொடுத்தோம். அடி தாங்காமல் ஆறு வயதுப் பிள்ளை சித்ராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான்தான் அண்ணாச்சியிடம் கெஞ்சி, சீசனுக்கு மட்டும் என்று சேர்த்துவிட்டேன். அவளுக்குச் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடுவது ஒரு வேடிக்கை. "புருஷன அங்கன விட்டுட்டு வந்தேன். செருப்பையும் விட்டுட்டு வருவேனா?" என்பாள். அவள் செருப்பின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருக்கும். புதிது வாங்கித் தருகிறேன் என்றால், "ஆபீசருக்கு வேண்டி ஓடுற ஓட்டத்துக்கு இது போதும்லே" என்பாள்.

5

ஐந்தாவது வாரம் ஹெலன் கணினியை மூடி வைத்தாள். கம்பெனியில் விபத்து நடந்த அன்றைக்கு என்ன ஆயிற்று, சொல்லுங்கள் என்றாள். முதல் தடவையாக நேராகக் கேட்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். பஸ்ஸில் வாக்கியங்களை இங்கிலீஷில் கோர்த்துக்கொண்டுதான் போனேன்.

களத்தில் நின்றேன், சத்தம் கேட்டது, திரும்பினேன், அறை இருந்த இடத்தில் அறை இல்லை. இதுவரை சொன்னேன். அவள் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டாள்: "அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்?"

"நாலு பேர்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏழாயிரம் கிலோமீட்டரோ எட்டாயிரமோ தள்ளி வந்து, பட்டாசு என்றால் என்ன என்று தெரியாத ஒரு சின்னப் பெண்ணிடம், இங்கிலீஷில், நாலு பேர் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

உங்களுக்கு வேண்டியவர்கள் யாராவது உள்ளே இருந்தார்களா என்று அடுத்துக் கேட்டாள். இல்லை என்றேன்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. ஆறாவது வாரம் படிவம் வந்தது. தூக்கம் கெடுகிறதா? இல்லவே இல்லை, முதல் கட்டம். பயம்? இல்லவே இல்லை, முதல் கட்டம். எல்லாம் முதல் கட்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கோப்போடு உட்கார்ந்து கேள்வி கேட்டால் அவர் எழுதிக்கொண்டு சீக்கிரம் கிளம்புகிற மாதிரி ஒரு பதிலைச் சொல்லி அனுப்ப வேண்டும், இது எனக்குப் பத்தொன்பது வயதிலிருந்து பழக்கம். ஹெலன் என் மார்க்கைக் கோடாக வரைந்து காட்டினாள். கோடு சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். என் கோட்டை அவளுடைய மேலதிகாரிக்குக் காட்டியிருப்பாள்.

எட்டாவது வாரத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச நான்கு வாரம் காத்திருக்கிற வேறு ஒருவருக்காம். பிறகு அந்தக் கடிதம் வந்தது.

6

கடிதத்தை ஜோதியிடம் கொடுத்தேன். கூடவே படிவங்களின் நகலும் வந்திருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. அவள் நர்ஸ். கடிதத்தைப் படிக்காமல் நேரே நகலைத்தான் பார்த்தாள். மீனா பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு போன பிறகு அரிசி டப்பாவிலிருந்து எடுத்த ஷூ மேஜை மேல் இருந்தது.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

"எல்லாம் சைபரா? நான் எழுதுனாலே எனக்கு அஞ்சாறு வரும். சாவக் கெடக்குற கெழவியவிட நீங்க சொகமா இருக்கீக."

"அவுக கேக்குற கேள்வி சரியில்ல ஜோதி."

"நீங்க சொல்ற பதிலு? ஆபீசர் வந்திருக்காக, ஒளிஞ்சிக்கன்னு நெனச்சிட்டீகளோ?"

நான் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு மனநல மையத்துக்கே போனேன். எனக்குக் கோபம். யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை, கண்ணில் பட்டவர்கள் எல்லோர் மேலும். முன்மேஜையில் இருந்த பெண் என் பிறந்த தேதியைக் கேட்டுவிட்டுக் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: உங்கள் சிகிச்சை முடிந்துவிட்டது.

முடியவில்லை என்றேன். மறுபடி சேர வேண்டுமானால் டாக்டர் வழியாக வாருங்கள், வரிசையில் நிற்க வேண்டும் என்றாள். வரிசையில் கடைசியாக நிற்கிறேன் என்றேன். உங்கள் மார்க்குக்கு வரிசையிலேயே சேர்க்க முடியாது என்றாள். சைபர் எடுத்தவருக்குச் சிகிச்சை கிடையாதாம்.

"நான் பொய் எழுதினேன்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். அவனைக் கையால் தள்ளினேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

சத்தம் கேட்டு ஹெலன் வெளியே வந்தாள். அவள் பயந்திருந்தாள். இரண்டு நிமிஷம்தான் பேசினாள். "நீங்கள் எழுதியதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய முடியும்" என்றாள்.

"ஒரு தடவையாவது என் வீட்டு வாசலை வந்து பார்த்தாயா?" என்று கேட்டேன். இந்த ஊரில் அது அத்துமீறல். அவள் முகம் வெளுத்துவிட்டது. எந்த வாசல், எதற்கு வாசல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு இன்னும் அந்தத் திட்டத்தின் மேல் கோபம் தீரவில்லை. எட்டு வாரம் என் கண் முன்னால் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காமல் கட்டத்தைப் பார்த்தார்கள். ஆறாவது வாரம் ஒரே நாளில் ஒரு மனிதனுக்கு எல்லாம் சரியாகிவிடுமா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வியாதியே இல்லாதவர்கள்தான் அவர்களுக்கு நல்ல நோயாளிகள். நம் பக்கம் வந்த அந்த ஒரு அதிகாரியாவது மரத்தடிக்குப் போனார்.

ஆனால் பொய் சொன்னது நான். அதையும் எழுத வேண்டும்.

7

மையத்திலிருந்து திரும்பி வந்து, மீனா பள்ளியிலிருந்து வருவதற்குள் ஜோதியிடம் சொன்னேன். ஒன்பது வருஷமாகச் சொல்லாததை.

அன்றைக்கு ஜீப் வரவில்லை. யாரும் காட்டுக்குப் போகவில்லை. அறையில் ஆறு பேர் இருந்தார்கள். நான் களத்திலிருந்து ஓடி வந்தபோது மருந்துப் புகைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அக்கா அக்கா என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி என் பின்கழுத்தைப் பிடித்தார்.

"ஏலே, அழுறத அப்புறம் அழு. ஆபீசர் வந்திருவாக. மரத்தடியில அந்த ரெண்டு சோடியையும் எடு. நாலுதான் கெடக்கணும்."

நான் எடுத்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன். அக்கா உள்ளே கிடக்கிறாள், உயிர் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது, நான் குனிந்து வேப்ப மரத்தடியில் செருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு ஜோடி. ஊக்குக் குத்தின ஜோடியை எடுத்தேன். அவளோடு காட்டுக்குப் போகிற இன்னொரு பெண்ணின் ஜோடியை எடுத்தேன். கருவேலங்காட்டுக்குள் ஓடிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். நான் வந்தபோது நாலு ஜோடி ஒழுங்காகக் கிடந்தது. ஆறு பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அறையில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்? நாலு பேர் சார். அப்படியென்றால் மற்ற இரண்டு பேர்? சோறு கொண்டுவந்தவர்கள் சார். அவர்கள் உள்ளே ஏன் போனார்கள்? தெரியாது சார், பேசப் போயிருப்பார்கள். நான் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள்.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஊரில் என்ன பேசினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சியம்மா செருப்புக் காலோடு உள்ளே போனாள், மண் உரசி வெடித்துவிட்டது. சோறு கொடுக்க வந்தவள் நாலு குடும்பத்தைக் கெடுத்துவிட்டாள். மரத்தடியில் அவள் செருப்பு இல்லையே. அதுதான் சாட்சி. இன்னொரு பெண்ணின் செருப்பும் இல்லைதான், ஆனால் பழி புருஷனை விட்டு வந்தவள் மேல் விழுந்தது.

சொல்லி முடித்ததும் ஜோதி எழுந்து போய் மீனாவின் ஷூவைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"சித்ராவ இஸ்கூல்ல எப்படிக் கூப்பிடுறாகன்னு தெரியுமா ஒங்களுக்கு? ரூமுக்குத் தீ வச்சவ மகள்னு. போன தடவ போயிருந்தப்ப ஏங்கிட்ட அழுதா."

"தெரியாது."

"தெரிஞ்சிக்கக் கூடாதுன்னுதான் ஊருக்கே வரமாட்டேன்னீகளோ?"

நான் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன்.

"ஏங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? அந்தப் புள்ளைட்டச் சொல்லுங்க" என்றாள்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை போன் கார்டைச் சுரண்டி நம்பரை மூன்று தடவை தப்பாக அடித்தேன். அங்கே பத்தரை மணி இருக்கும். சித்ராதான் எடுத்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. என் அம்மாவிடம் வளர்கிறாள்.

"மாமா, நல்லாருக்கீகளா? மீனா என்ன செய்றா? ஆச்சி கோயிலுக்குப் போயிருக்கு."

"ஒன்கிட்டத்தான் பேசணும்."

"ஏங்கிட்டயா? என்னைக்குமில்லாத அதிசயமா இருக்கு. பணம் அனுப்பலைன்னு சொல்லப் போறீகளா?" என்று சிரித்தாள். அக்காவின் சிரிப்பு.

சொன்னேன். ஹெலனிடம் சொல்ல பஸ்ஸில் கோர்த்த வாக்கியங்கள் எல்லாம் தமிழில் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டன. உன் அம்மா அந்த அறையில் வேலை செய்தாள். சோறு கொண்டுவரவில்லை. செருப்போடு உள்ளே போகவில்லை. மரத்தடியில் கழற்றித்தான் போட்டிருந்தாள். எடுத்துக் கருவேலங்காட்டுக் கிணற்றில் போட்டது நான்.

கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"மாமா."

"சொல்லு."

"ஊக்குக் குத்துன செருப்புதான?"

"ஆமா."

"அது நான் குத்துனது. அன்னைக்குக் காலையில வாரு மறுபடியும் பிஞ்சிருச்சு. அம்மா கையில தூக்குவாளி இருந்துச்சு. நீ குத்துடின்னு கால நீட்டுச்சு. நான்தான் சரியாக் குத்தலயோ, அது கழண்டு விழுந்து உரசிருச்சோன்னு இம்புட்டு நாளா..." பிறகு கேட்டாள். "மரத்தடியிலயா கெடந்துச்சு? நெசமாவா? பின்னு இருந்துச்சா?"

"பின்னு இருந்துச்சு. நல்லாக் குத்தியிருந்த."

அவள் போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. இதை எழுதுகிற இன்று வரை எடுக்கவில்லை. அம்மாதான் எடுக்கிறாள். சித்ரா என்ன செய்கிறாள் என்று கேட்டால், கருவேலங்காட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிகிறாள் என்கிறாள்.

ஜோதி நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அறை முகவரிச் சீட்டு இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. டாக்டரிடமிருந்து புதுப் படிவம் ஒன்று வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். "மாச முடிவுக்குள்ள எழுதுங்க. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றாள். நேற்று உட்கார்ந்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் என் கையைப் பார்த்தாள். கடைசிக் கட்டம், கடைசிக் கட்டம், கடைசிக் கட்டம். கேள்விகள் முடிந்த இடத்துக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் செருப்பைப் பற்றி எழுதினேன். இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன்.

வரிசை இந்தத் தடவை ஏழு மாதமாம்.

நாரணாபுரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு: விசாரணையில் நான் கையெழுத்துப் போட்டுச் சொன்னது பொய். அந்த அறையில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். மரத்தடியில் ஆறு ஜோடி செருப்பு கிடந்தது. அண்ணாச்சி இன்னும் உயிரோடு இருந்தால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள், ரூமில் எத்தனை பேர் என்று.